விலைக்கா, வாடகைக்கா? அடோபி சொல்லித் தரும் வியாபாரப் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுத்து விட்டேன். சாஃப்ட்வேருக்கு ஏன் மாதா மாதம் பணம் கேட்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கம்ப்யூட்டருக்குள் இல்லை. சாஃப்ட்வேர் நிறுவனங்களின் வியாபாரக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்து கொண்டால், எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்ட வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்து விடலாம். சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் ஒரு வியாபாரத்தை நடுவழியில் மாற்றுவது எப்படி என்பதே அது. உதாரணத்திற்கு ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தை எடுத்துக் கொள்வோம்.

பெட்டியில் விற்ற காலம்

அடோபி 1982-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஃபோட்டோஷாப்பின் முதல் வெர்ஷன் 1990-இல் வந்தது. 2003 முதல் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்து கிரியேட்டிவ் சூட் என்ற பெயரில் விற்றார்கள். கடையில் டிஸ்க்குடன் ஒரு பெட்டி கிடைக்கும். ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். இன்ஸ்டால் செய்து எத்தனை வருடம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

வாங்குபவருக்கு வசதிதான். விற்பவருக்கு இதில் மூன்று தொல்லைகள் இருந்தன.

1. புது வெர்ஷன் வந்தால்தான் வருமானம். பழைய வெர்ஷனே போதும் என்று வாடிக்கையாளர் உட்கார்ந்து விட்டால் அடுத்த விற்பனை இல்லை.

2. நாட்டில் பணத் தட்டுப்பாடு வந்தால், வெர்ஷன் மாற்றுவதைத்தான் எல்லோரும் முதலில் தள்ளிப் போடுவார்கள். அடோபிக்கு இது நேரடியாகவே நடந்தது. 2008-இல் சுமார் 358 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம், உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் 2009-இல் சுமார் 295 கோடி டாலராகக் குறைந்தது.

3. விலை அதிகம். 2012-இல் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ்.6 அமெரிக்காவில் 699 டாலர். இவ்வளவு கொடுக்க முடியாத மாணவரும் சிறிய ஸ்டுடியோக்காரரும் திருட்டு சி.டி.யைத் தேடிப் போனார்கள்.

நான்காவதாக ஒன்றை, புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் நான் சேர்ப்பேன். பெட்டி வியாபாரத்தில், இன்று எழுதி முடித்த ஒரு நல்ல வசதியை அடுத்த வெர்ஷன் வரும் வரை அலமாரியில் வைத்திருக்க வேண்டும். உடனே கொடுத்து விட்டால் அடுத்த பெட்டியை விற்பதற்குச் சரக்கு இருக்காது. வாடிக்கையாளருக்குத் தேவை இன்று. கிடைப்பதோ ஒன்றரை வருடம் கழித்து.

பால் கார்டு மாதிரி

அப்போது அடோபியின் தலைவராக இருந்தவர் சாந்தனு நாராயண். ஹைதராபாதில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தவர். 2007 டிசம்பரில் பொறுப்பேற்றார். அவர் தலைமையில் 2011 நவம்பரில் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தார்கள். இனி மாதச் சந்தாவே முக்கிய வழி என்றார்கள். 2012-இல் கிரியேட்டிவ் கிளவுட் வந்தது. 2013 மே மாதம், கிரியேட்டிவ் சூட்டில் இனிப் புது வெர்ஷனே வராது என்று சொல்லி விட்டார்கள்.

நம் ஊர் பால் கார்டை நினைத்துக் கொள்ளுங்கள். மாதத்திற்கு ஒரு முறை பணம் கட்டுகிறோம். தினமும் பாக்கெட் வருகிறது. எத்தனை பாக்கெட் போகும் என்று பூத்காரருக்கு முதல் தேதியே தெரிந்து விடுகிறது.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்து விடுவோம். கிளவுட் என்று பெயர் இருந்தாலும் ஃபோட்டோஷாப் உங்கள் ஹார்டு டிஸ்க்கில்தான் இன்ஸ்டால் ஆகிறது. நீங்கள் சந்தா கட்டியிருக்கிறீர்களா என்பதை மட்டும் அவ்வப்போது இண்டர்நெட் வழியாகச் சரிபார்த்துக் கொள்ளும்.

நடுவில் ஒரு பள்ளம்

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஃபோட்டோஷாப் மட்டும் வேண்டுமென்றால் 2013-இல் சந்தா மாதம் சுமார் 20 டாலர். 699-ஐ 20-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35. அதாவது, பெட்டி விற்றால் ஒரே நாளில் வரும் பணம், சந்தாவில் வந்து சேர மூன்று வருடம் ஆகும்!

ஆகவே மாற்றத்தைத் தொடங்கும் நிறுவனத்திற்கு முதலில் வருமானம் விழும். சம்பளம், வாடகை போன்ற செலவுகள் அப்படியே இருக்கும். அடோபியின் நிகர லாபத்தைப் பாருங்கள்:

2012: சுமார் 83 கோடி டாலர்
2013: சுமார் 29 கோடி டாலர்
2014: சுமார் 27 கோடி டாலர்
2015: சுமார் 63 கோடி டாலர்
2016: சுமார் 117 கோடி டாலர்

இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல்தான் பல நிறுவனங்கள் பாதி வழியில் பழைய முறைக்கே திரும்பி விடுகின்றன. அடோபி தாண்டியதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று, வருமானம் குறையும் என்பதை முதலீட்டாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி விட்டது. "லாபத்தைப் பார்க்காதீர்கள், சந்தாதாரர் எண்ணிக்கையைப் பாருங்கள்" என்று வேறு அளவுகோலைக் கையில் கொடுத்தது. 2013 ஆண்டு முடிவில் அந்த எண்ணிக்கை 14 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு, கையில் பணம் இருக்கும்போதே மாறியது. கடன் கழுத்தை நெரிக்கும்போது மாறியிருந்தால் மூன்று வருடம் காத்திருக்க முடியுமா?

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 2011 நவம்பரில் சுமார் 750 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். சந்தா வேண்டாம் என்று பல ஆயிரம் வாடிக்கையாளர்கள் இண்டர்நெட்டில் மனு கொடுத்தார்கள். "என் படத்தைத் திறக்க நான் ஆயுள் முழுவதும் பணம் கட்ட வேண்டுமா?" என்பது அவர்கள் கேள்வி. அடோபி அசையவில்லை. 2024-இல் அதன் ஆண்டு வருமானம் சுமார் 2,150 கோடி டாலர்.

மறுபக்கம்

நிறுவனத்திற்கு வெற்றி என்றால் வாடிக்கையாளருக்கும் வெற்றி என்று அர்த்தமில்லை. 2024 ஜூனில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. மாதம்தோறும் கட்டும் திட்டம் உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். நடுவில் நிறுத்தினால் அபராதம் உண்டு. இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு.

சந்தாவை விரும்பாதவர்களைத் தேடிப் போட்டியாளர்களும் வந்தார்கள். அஃபினிட்டி என்ற சாஃப்ட்வேர் "ஒரு முறை பணம் கட்டினால் போதும்" என்று சொல்லியே பெயர் வாங்கியது. 2024-இல் அதை கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாகவே கொடுத்து விட்டது. பெரிய கடை விட்ட இடைவெளியில் சிறிய கடை நுழைவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மைக்ரோசாஃப்ட் ஆஃபீசும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 என்பது சந்தா. ஆஃபீஸ் 2024 என்பது ஒரு முறை வாங்குவது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது? வேர்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சந்தாவா, நிரந்தர லைசென்ஸா என்று அங்கே இருக்கும். கடைக்காரர் "ஆஃபீஸ் ஃப்ரீ" என்று சொன்னது சில மாதச் சோதனைக் காலமாகவும் இருக்கலாம்.

2. சந்தா நின்றால் என்ன ஆகும்? ஆஃபீஸ் 365-இல் பழைய ஃபைலைத் திறந்து படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. ஃபோட்டோஷாப் திறக்கவே திறக்காது. எனவே முக்கியமான வேலைகளை பி.டி.எஃப்., ஜேபெக் வடிவிலும் ஒரு காப்பி சேமித்து வையுங்கள்.

3. எத்தனை மாதம் பயன்படுத்துவீர்கள்? ஒரு முறை வாங்கும் விலையை மாதச் சந்தாவால் வகுத்துப் பாருங்கள். அதற்கும் குறைவான மாதங்களே தேவை என்றால் சந்தா லாபம். தினமும் பல வருடம் பயன்படுத்துவீர்கள் என்றால் ஒரு முறை வாங்குவது லாபம்.

4. இலவசமானது போதுமா? கடிதம், பட்டியல், கணக்கு எழுத லிப்ரே ஆஃபீஸ் போதும். படங்களைத் திருத்த கிம்ப் இருக்கிறது. இரண்டையும் அவற்றின் சொந்த வெப்சைட்டில் இருந்தே இறக்கிக் கொள்ளுங்கள். கிராக் செய்த ஃபோட்டோஷாப்பைத் தொடாதீர்கள். அதனுடன் வைரசும் சேர்ந்து வரலாம்.

5. ஆட்டோபே கொடுத்திருந்தால் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். "மாதச் சந்தா" என்று போட்டிருந்தாலும், ஒரு வருட ஒப்பந்தமா என்று படித்துப் பார்த்த பிறகே ஓ.கே. கொடுங்கள்.

தொழில் நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டி.டி.பி. சென்டரோ, டியூஷன் சென்டரோ, எதை மாற்ற நினைத்தாலும் மூன்று கேள்விகளுக்கு முதலில் பேப்பரில் பதில் எழுதுங்கள். பள்ளம் எத்தனை மாதம் நீடிக்கும்? அதுவரை கையில் பணம் இருக்கிறதா? மாறிய பிறகு வாடிக்கையாளருக்கு முன்பை விட என்ன கூடுதலாகக் கிடைக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் அந்த மாற்றத்தை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.