குழந்தையின் வயிற்றுப்போக்கு: காரணம் எது? காப்பது எது?

குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, "என்ன கொடுத்தாய்?" என்பதே. அது பெரும்பாலும் தாயை நோக்கியே எழுகிறது. தாய் உண்ட உணவு, ஊட்டிய பழம், முளைக்கும் பல், குடலேற்றம், உரம் விழுதல் எனக் காரணங்கள் பல சொல்லப்படும். தறிக்கூடத்துக்கோ பஞ்சாலைக்கோ வேலைக்குச் செல்லும் தாயாக இருந்தால், "வீட்டிலிருந்து பார்த்திருந்தால் இப்படி வந்திருக்குமா?" என்ற சொல்லும் சேர்ந்துகொள்ளும். கடந்த ஐம்பது ஆண்டுகால மருத்துவ ஆராய்ச்சி இக்கேள்விக்கு வேறு விடை தருகிறது.

சக்கர வடிவ வைரஸ்

1973 வரை, குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதிக்குக் காரணம் அறியப்படாமலே இருந்தது. அவ்வாண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஒரு வைரஸைக் கண்டனர். சக்கரம் போன்ற தோற்றம் உடையதால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அது ரோட்டா வைரஸ் எனப் பெயர் பெற்றது. நோரோ வைரஸ், ஷிகெல்லா, ஈ.கோலை போன்ற வேறு கிருமிகளும் இந்நோயைத் தருகின்றன. எனினும், தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்திய மருத்துவமனைகளில் வயிற்றுப்போக்குக்காகச் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு ரோட்டா வைரஸே காரணமாக இருந்தது.

வேலூர் தந்த பாடம்

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள், நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தனர். வாரம் இருமுறை பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் பரிசோதிக்கப்பட்டது. 373 குழந்தைகள் மூன்றாண்டுக் கண்காணிப்பை நிறைவு செய்தனர். முடிவுகள் 2011இல் வெளியாயின.

ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே 56 விழுக்காட்டுக் குழந்தைகளை ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஒருமுறை தொற்றியவர்களையும் அது மீண்டும் மீண்டும் தொற்றியது. மெக்சிகோவில் முன்னர் நடந்த ஆய்வில், இருமுறை தொற்றிய குழந்தைகளுக்குக் கடுமையான நோய் மறுபடியும் வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடாகவே இருந்தது.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, இவ்வைரஸ் மிகச் சிறிய அளவில் வாய்க்குள் சென்றாலே போதும். கை, பொம்மை, தரை, துணி எதன் வழியாகவும் பரவும். தூய்மை பேணும் வீட்டிலும், செல்வம் மிக்க நாடுகளிலும் குழந்தைகள் இதனால் நோயுற்றனர். ஆகவே தாயைப் பழிப்பதில் பொருளில்லை. இரண்டாவது, நோய் மிக இளம் வயதிலேயே வருவதால் தடுப்பு மருந்தும் காலம் தாழ்த்தாமல் தரப்பட வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் செய்யும் பணி

ரோட்டா வைரஸ் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள உறிஞ்சும் செல்களை அழிக்கிறது. உண்ட நீர் உடலில் சேராமல் வெளியேறுகிறது. உயிருக்கு ஊறு செய்வது இந்த நீரிழப்பே. ஆயினும் குடலில் ஒரு வழி திறந்தே இருக்கும்: சர்க்கரையும் உப்பும் உரிய அளவில் சேர்ந்து வரும்போது குடற்சுவர் அவற்றை உள்ளே இழுக்கிறது, நீரும் உடன் செல்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படை இதுவே. 1971இல் மேற்கு வங்க எல்லையிலிருந்த அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலானபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழே குறைந்தது.

உலக சுகாதார நிறுவன அளவின்படி தயாரித்த பெரிய பொட்டலம் ஒன்றை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பேதியான பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர் தரலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. இணை உணவு உண்ணும் குழந்தைக்குக் கஞ்சி, மோர், குழைந்த சோறு தரலாம். குளிர்பானமும் இனிப்பு மிகுந்த பழச்சாறும் பேதியை மிகுவிக்கும். மருத்துவர் எழுதித் தரும் துத்தநாக மருந்தை, பேதி நின்றாலும், 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும்.

வைரஸை ஆன்டிபயாட்டிக் அழிப்பதில்லை. தேவையின்றிக் கொடுத்தால் குடலின் நன்மை தரும் நுண்ணுயிர்களையே அழிக்கும். மலத்தில் இரத்தம் காணப்படுவது போன்ற நிலைகளில் மட்டுமே மருத்துவர் அதனைத் தேர்வு செய்வார். பேதியை உடனே கட்டும் மாத்திரைகள் சிறு குழந்தைகளுக்குத் தீங்கானவை.

தடுப்பு மருந்து

டெல்லியில் பிறந்த சிசுக்களிடம் கண்டெடுத்த ஒரு ரோட்டா வைரஸிலிருந்து இந்தியாவிலேயே தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது, முதல் ஆண்டில் கடும் ரோட்டா நோயை அது பாதிக்கு மேல் குறைத்தது. தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் ரோட்டா தடுப்பு மருந்து சேர்ந்தது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது வாய்வழியே இலவசமாகத் தரப்படுகிறது. மருந்து பெற்ற குழந்தைக்கும் பேதி வரலாம். ஆனால் ரோட்டா வைரஸால் உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

உடனே அழைத்து வர வேண்டிய அறிகுறிகள்

குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, கண்கள் குழிவிழுதல், கண்ணீரின்றி அழுதல், சோர்ந்து துவளுதல், எதையும் குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, வயிற்று உப்புசம்: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்று பாராமல் வர வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின், இவ்வறிகுறிகளுக்காகக் காத்திராமல் பேதி தொடங்கியவுடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வரும் வழியிலும் கரைசலைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.