மாசி வெயிலுக்கு முன் தீயணைப்பானை இறக்கிப் பாருங்கள்

தை பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் பூண்டுலோயாவில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் பனி கொட்டும். பங்குனி வரை இதே நிலைதான். மேட்டு நிலத்தில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். யாரோ வைத்த நெருப்பு காற்றோடு மலையேறும். ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீரும் மெலிந்துபோகும். கடைகளின் தீயணைப்பான்களுக்கான வருட ஒப்பந்தங்கள் பல டிசம்பரோடு முடிந்து, புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வருவதும் இந்த நாட்களில்தான். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் இதை வாசித்துவிடுங்கள்.

நம் ஊர்க் கடைவீதியில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுவரெலியா போன்ற தூரத்து நகரத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பாதையின் வளைவுகளைத் தெரிந்தவர்களுக்கு நேரக்கணக்கு சொல்லத் தேவையில்லை. கடைகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. பல கடைகளில் கூரைக்குக் கீழே பலகைத் தட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டிகள். வண்டி வருமுன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்யப்போவது சுவரில் தொங்கும் அந்தச் சிவப்புப் போத்தல்தான். கொழும்பில் ஒரு கட்டடத்துக்குப் போதுமான ஒப்பந்தம் இங்கே போதாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

முதலில் போத்தலைச் சுவரிலிருந்து இறக்குங்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நமது மூடுபனியும் ஈரமும் முதலில் பிடிப்பது அந்த அடி வளையத்தைத்தான். சீமெந்துத் தரையில் வைத்த போத்தலென்றால் துரு இன்னும் சீக்கிரம் ஏறும். பெயின்ட் உப்பியிருந்தால், உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் இரும்பு மெலிகிறது என்று பொருள். அதை மீண்டும் மாட்டாதீர்கள். குழாயின் வாயைப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும். பிடியில் செருகிய பின்னும் அதன் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பச்சைப் பட்டையில் முள் நிற்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று நினைப்பவர்களே அதிகம். அந்த முள் உள்ளே இருக்கும் அழுத்தத்தை மட்டும் காட்டும். தூள் இளகியிருக்கிறதா, கட்டிபட்டுக் கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. தூள் வகையைத் திறந்து பார்க்க வேண்டியது தொழில்நுட்பவியலாளரின் வேலை. காபனீரொட்சைட்டு வகையில் முள்ளே கிடையாது, நிறுத்தால் மட்டுமே தெரியும். நிறை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது போத்தலிலேயே பொறித்திருக்கும். 2 கிலோ வாயு கொண்டதில் 200 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மீள் நிரப்ப வேண்டும். மரக்கறிக் கடைத் தராசிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

ஒரு பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு அழுத்திவிட்டு மீண்டும் மாட்டிவிடுவார்கள். தூள் போத்தலில் அப்படிச் செய்தால் வால்வின் இருக்கையில் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து போகும். ஒருமுறை அழுத்திய போத்தலை, எவ்வளவு குறைவாக அழுத்தியிருந்தாலும், மறுபடி நிரப்பியே ஆக வேண்டும்.

இனி ஒப்பந்தம். வருடத்துக்கு ஒருவர் வந்து, பழைய ஸ்டிக்கரின் மேல் புதிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். அது கடைக்காரரையும் அவரிடம் வேலை செய்யும் பிள்ளைகளையும் ஏமாற்றும் காரியம். என்னென்ன செய்வார் என்பது தாளில் இருக்கட்டும்: நிறுத்த நிறை, திறந்து பார்த்த திகதி, மாற்றிய உதிரிப்பாகம், வந்தவரின் கையெழுத்து. மீள் நிரப்பும் செலவு ஒப்பந்தத் தொகைக்குள் அடங்குமா, தனியாகவா என்பதையும் இப்போதே கேளுங்கள். மலிவாகத் தோன்றும் ஒப்பந்தங்கள் பல இந்த இடத்தில்தான் விலையேறுகின்றன.

வருகை வருடத்துக்கு ஒன்று என்பது பொதுவான வழக்கம். நமக்கு இரண்டு கேளுங்கள். ஒன்று இந்த மாதம், வறட்சிக்கு முன். மற்றது தென்மேற்குப் பருவமழை ஈரமெல்லாம் போத்தலின் உடம்பில் ஏறிய பிறகு, ஒக்டோபரில், தீபாவளிச் சரக்கு கடையை நிறைக்கும் வேளையில். போத்தலை நிரப்பக் கண்டிக்கோ கொழும்புக்கோ எடுத்துப் போனால், அது திரும்பும்வரை மாற்றுப் போத்தல் தர வேண்டும் என்பதை ஒரு வரியாக எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் கொக்கியோடு ஒரு கடை மாசியைக் கடக்கக் கூடாது. பிரித்தானிய முறைப்படி தூள், நுரை, நீர் வகைகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வெளியேற்றி உள்ளே சோதிக்க வேண்டும். காபனீரொட்சைட்டு போத்தலுக்கு 10 ஆண்டு. உங்கள் போத்தலில் தயாரித்த ஆண்டு இருக்கிறது, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி வெளியேற்ற வேண்டிய போத்தல் இருந்தால் அதை வீணாக்காதீர்கள். பின்வளவில் ஒரு தகரத்தில் சிறு நெருப்பு மூட்டி, கடைப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அழுத்தச் சொல்லுங்கள். பின்னை இழு, சுவாலையை விட்டுவிட்டு நெருப்பின் அடியைக் குறி, அழுத்து, இருபுறமும் வீசு. 6 கிலோ தூள் போத்தல் ஏறக்குறைய கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தக் கால் நிமிடத்தை முதன்முதலாக உண்மைத் தீயின் முன் கற்றுக்கொள்ள முடியாது. எப்போதும் வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். புகை தலை மட்டத்துக்கு இறங்கிவிட்டால் போத்தலைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

எந்தக் கடைக்கு எது? வடையும் ரோல்ஸும் பொரிக்கும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் தீ கூரையைத் தொடும். காபனீரொட்சைட்டின் வேகமும் எரியும் எண்ணெயைச் சிதறடித்துவிடும். மஞ்சள் பட்டையுள்ள ஈர இரசாயன வகை ஒன்று, கூடவே தாச்சியை முழுக்க மூடும் தகர மூடி ஒன்று, இரண்டும் அடுப்பிலிருந்து சில அடி தள்ளி வாசல் பக்கம் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே மாட்டினால் தேவையான நேரத்தில் கை எட்டாது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரெகுலேட்டரையும் குழாயையும் சவர்க்கார நுரை தடவி இன்றே சோதியுங்கள்.

பெயின்ட், தின்னர் வைத்திருக்கும் ஹார்ட்வெயார் கடைக்கு நீலப் பட்டைத் தூள் அல்லது நுரை. கணினி, மின்பலகை உள்ள இடத்துக்குக் கறுப்புப் பட்டைக் காபனீரொட்சைட்டு. சிறு அறையில் அழுத்தினால் உடனே வெளியே வந்து காற்றோட்டம் விடுங்கள், மூச்சு முட்டும். துணிக்கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகரின் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீ, ஒரு நாள் கடந்தும் எரிந்து, மாடிகளே இடிந்து விழும் நிலைக்குக் கொண்டுவந்தது. பெருநகரத்துத் தீயணைப்புப் படையே அங்கே நின்றது. துணி பற்றி உள்ளே ஏறிய பிறகு வெளியிலிருந்து அணைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். படிக்கட்டின் கீழ் அடுக்கிய பெட்டிகளை இன்றிரவே அகற்றுங்கள்.

கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள். பொலிஸ் 119, அம்பியுலன்ஸ் 1990, மின்சார சபை 1987 ஆகிய இலக்கங்களையும் அருகிலுள்ள தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் கல்லாவுக்கு மேல் ஒட்டுங்கள்.

தோட்டங்களுக்கு வருகிறேன். டன்சினன், சீன் போன்ற தோட்டங்களைச் சுற்றித்தான் இந்தக் கடைவீதியே வாழ்கிறது. தேயிலைத் தொழிற்சாலைகள் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. ட்ரையரும் விறகும் தேயிலைத் தூசும் ஒரே கூரைக்குள் இருப்பதால் அங்கே போத்தல்கள் இருக்கும், ஒப்பந்தமும் இருக்கும். லயத்தில் இரண்டும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ், இடையில் மேலே திறந்த சுவர், பழைய வயரிங், விறகடுப்பு. ஒரு காம்பராவில் பற்றினால் வரிசையே போகிறது என்பதை மலையகத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். புத்தகப் பை, அடையாள அட்டை, கலியாணத்துக்குச் சேர்த்த நகை எல்லாம் அரை மணி நேரத்தில் சாம்பல்.

தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் போடும் அதே நிறுவனத்திடம் லயத்துக்கு இரண்டு, பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்று என்று சேர்த்துக் கேட்டால், வருகைக்கான செலவு பெரிதாக ஏறாது. ஆள் எப்படியும் மலையேறி வருகிறார். தொழிற்சங்கத் தலைவர்மாரும் லயத்துப் பெரியவர்களும் இம்மாதச் சம்பள நாளுக்கு முன்னரே தோட்ட அலுவலகத்துக்குப் போய், இந்த ஆண்டின் ஒப்பந்தப் பட்டியலில் பிள்ளைக் காம்பரா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.