ஃபார்மைத் திறக்கும்போதே விவசாயி எண்ணைக் கொடுத்தனுப்புங்கள்

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு லோடு கிளம்பும் நேரத்தில் கமிஷன் மண்டி கணக்கருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. முருங்கை மூட்டையோடு விவசாயி நிற்கிறார். எம்.எஸ். அக்ஸஸில் அவர் பெயரைத் தேடி எடுத்தாகிவிட்டது. ‘புது வரவு’ பட்டனை அழுத்தினால் வரவு ஃபார்ம் காலியாகத் திறக்கிறது. எண்ணை மறுபடி அடிக்க வேண்டும். 1427-ஐ 1472 என்று அடித்துவிட்டால் பணம் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கு மருந்து ஓப்பன்ஃபார்ம் கட்டளையிலேயே இருக்கிறது. மண்டியோ நூற்பாலையோ பூட்டுக் கடையோ, திண்டுக்கல் வட்டாரத்தில் அக்ஸஸ் வேலை பார்ப்பவர்கள் கீழே உள்ள நான்கையும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

1. எதை எதில் அனுப்புவது?

ஓப்பன்ஃபார்ம் ஏழு ஆர்கியுமென்ட்களை ஏற்கும். குழப்புவது நான்காவதும் ஏழாவதும். ஏற்கெனவே இருக்கும் பதிவுகளில் எவற்றைக் காட்ட வேண்டும் என்று சொல்வது நான்காவதான வேர்கண்டிஷன். ஃபார்முக்கு ஒரு தகவலைக் கையில் கொடுத்தனுப்புவது ஏழாவதான ஓப்பன்ஆர்க்ஸ். விவசாயியின் பழைய சீட்டுகளைப் பார்க்க முன்னது. அவர் பெயரில் புதுச் சீட்டு போடப் பின்னது. காற்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்காமல், ஆர்கியுமென்ட் பெயரை எழுதி, முக்காற்புள்ளியும் சமக்குறியும் போட்டு மதிப்பைக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

2. எங்கே வாங்குவது?

திறக்கும் ஃபார்மின் லோட் ஈவென்டில் மீ.ஓப்பன்ஆர்க்ஸ் என்று கேளுங்கள். யாராவது அந்த ஃபார்மை நேரடியாகத் திறந்தால் அதில் நல் மட்டுமே இருக்கும். அதனால் முதல் வரியிலேயே இஸ்நல் சோதனை வேண்டும். வந்த எண்ணை டெக்ஸ்ட்பாக்ஸின் மதிப்பாகப் போடாதீர்கள். போட்டால் புதுப் பதிவு தொடங்கிவிட்டதாக அக்ஸஸ் எடுத்துக்கொள்ளும். கணக்கர் எதுவும் அடிக்காமல் மூடினாலும் அரைகுறைச் சீட்டு சேமிப்பாகிவிடலாம். டீஃபால்ட்வேல்யூவில் போடுங்கள். மதிப்பு எழுத்தாக இருந்தால் அதைச் சுற்றி மேற்கோள் குறி கட்டாயம்.

3. இரண்டு மூன்று தகவல் என்றால்?

ஓப்பன்ஆர்க்ஸ் ஒரே ஒரு சரத்தைத்தான் சுமக்கும். ‘1427|முருங்கை’ என்று நெடுங்கோடு போட்டு ஒட்டி அனுப்பி, அங்கே ஸ்ப்ளிட் கொண்டு பிரியுங்கள். முதல் துண்டின் வரிசை எண் 0. காற்புள்ளி வேண்டாம், முகவரியிலேயே காற்புள்ளி வரும்.

4. ஏற்கெனவே திறந்திருந்தால்?

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. திறந்திருக்கும் ஃபார்மை ஓப்பன்ஃபார்ம் முன்னால் கொண்டுவருமே தவிர, லோட் ஈவென்ட் மறுபடி ஓடாது. முந்தைய விவசாயியின் எண்ணே நிற்கும். மூடிவிட்டுத் திறக்கலாம். ஆனால் கட்டாயப் புலம் ஏதாவது காலியாக இருந்தால், குளோஸ் கட்டளை அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மூடும் முன் சேமியுங்கள். மண்டிக்குத் தோதான வழி டயலாக் முறையில் திறப்பது. வரவு ஃபார்மை மூடும்வரை கணக்கர் பின்னால் உள்ள ஃபார்முக்குப் போக முடியாது, அழைத்த நிரலும் காத்திருக்கும்.

இது வேலைக்கான நேர்முகத் தேர்விலும் கைகொடுக்கும். “ஒரு ஃபார்மிலிருந்து இன்னொரு ஃபார்முக்கு மதிப்பை எப்படி அனுப்புவீர்கள்?” என்று கேட்டால், குளோபல் வேரியபிள் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கையாளப்படாத பிழை ஒன்று வந்து, ‘எண்ட்’ அழுத்தினால் அந்த வேரியபிளின் மதிப்பு அழிந்துபோகும். திறக்கும்போது கொடுக்க ஓப்பன்ஆர்க்ஸ். பல ஃபார்ம்கள் பகிர, 2007 பதிப்பிலிருந்து உள்ள டெம்ப்வார்ஸ். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவர் வேலை செய்து பார்த்தவர் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று: ‘இந்த ஃபார்ம் எதிர்பார்ப்பது: விவசாயி எண், சரக்கு’ என்று லோட் ஈவென்டின் தலையில் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.