கோழிக்கு மூச்சு வாங்கினால்

அன்புள்ள கயல்விழிக்கு,

நலமாக இருக்கும் கோழி மூச்சு விடுவது வெளியே தெரியாது. அலகு மூடியிருக்கும், சத்தமும் வராது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் ஒன்பது காற்றுப்பைகளின் துணையோடு நுரையீரலுக்குள் காற்று போய்வரும். அதனால், பாசத்தில் இறுக்கி அணைத்தாலே அதற்கு மூச்சு முட்டிவிடும்.

சித்திரை வெயிலில் கோழி அலகைத் திறந்து, இறக்கையை விலக்கி இளைக்கும். வியர்வைச் சுரப்பி இல்லாத பறவை சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி அது. நிழலும் தண்ணீரும் கிடைத்தால் அடங்கிவிடும். விடியற்காலையில், குளிர்ந்த நேரத்தில் அதே கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது நோய்தான்.

கோழி தன் நோயை முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். கூட்டத்தில் நலிந்ததை மற்றவை கொத்தும் என்பதால் வந்த குணம் அது. ஆனால், இரவு அடைந்தபின் கூண்டருகே காது கொடுத்தால், பகல் சந்தடியில் கேட்காத கொறகொறப்பு தெளிவாகக் கேட்கும். கண்ணோரம் நுரை கட்டியிருந்தால் மைக்கோபிளாஸ்மா கிருமியையும், முகம் வீங்கிச் சளி நாறினால் கொரைசாவையும், வாய்க்குள் மஞ்சள் படலம் இருந்தால் அம்மையையும் சந்தேகிக்கலாம். ஈர உமியில் எழும் அம்மோனியா நெடியும், பூசணம் பிடித்த தீவனமும்கூட மூச்சுக்குழலைக் கெடுக்கும். மூச்சுத்திணறலோடு பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் சேர்ந்தால் பெரும்பாலும் ராணிக்கெட் எனும் கோழிக்கழிச்சல் நோய். அதற்கு மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு.

ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டி வாயைப் பிளப்பது, மூச்சோடு வால் ஏறி இறங்குவது, கொண்டை நீலம் பாய்வது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இரை எடுக்காமல் தூங்கி விழும் கோழிக்கும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காமல், காற்றோட்டமான கூடையில் நிமிர்ந்து உட்காரவைத்துக் கொண்டுபோவது நல்லது. எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றுவது ஆபத்து. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது, திணறும் கோழிக்கு ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி வைரஸ் நோயைத் தீர்க்காது.

நோயுற்றதை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவைத்து, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பல கோழிகள் திடீரென்று செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா