காலி மண்டபமா எடுக்கப் போறே? இதைக் கேட்டுட்டுப் போ!

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கேமராவைத் தூக்கிட்டு மும்பை விக்ரோலி பிளாட்பாரத்துல நிக்காதே தங்கச்சி. தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்தற மெகா பிளாக்ல மாட்டுவே. போய்ச் சேர்ந்தாலும் கூட்டம்தான் படத்துல விழும்.

1. விடியற்காலை ஸ்லோ வண்டியைப் பிடி. சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல ஸ்டார் சேம்பர் இன்னிக்கும் டிக்கெட் கொடுக்கிற இடம்தான். அந்த ஸ்டேஷன் 1878-ல ஆரம்பிச்சு ஸ்டீவன்ஸ்ங்கிற ஆர்க்கிடெக்ட் பத்து வருஷம் கட்டினது, 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது. அதுக்காக எவனும் உனக்கு க்யூவைக் கலைக்க மாட்டான். தரையை விடு, அண்ணாந்து பார். தங்க நட்சத்திரம் அங்கேதான் இருக்கு.

2. முப்பது செகண்ட் ஷட்டரைத் திறந்து வெச்சா ஆளெல்லாம் மறைஞ்சிடுவாங்கன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. நடக்கிறவங்கதான் மறைவாங்க. க்யூவுல நிக்கிறவர் பேய் மாதிரி பாதி உருவமா நிப்பார்.

3. டிரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கு. போலீஸ்காரர் வந்த பிறகு கெஞ்சாதே.

4. பைக்குல்லா ராணி பாகுக்குள்ள பாவு தாஜி லாட் மியூசியம், 1872-ல திறந்த கட்டிடம். புதன்கிழமை லீவு, கதவைப் பார்த்துட்டுத் திரும்பாதே. உள்ளே மின்டன் ஓடு பதிச்ச தரை. அந்தக் கோலத்தோட நடுக்கோட்டுல நில்லு. போன்ல கிரிட் போட்டுக்கோ. போனை மேலே சாய்ச்சா தூணெல்லாம் குடிச்சவன் மாதிரி உள்பக்கம் சாயும். நேரா பிடி, கீழே அதிகமா வர்ற தரையை வீட்டுல வெட்டிக்கலாம். 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரத்துத் தூண் உப்பிப் போகும்.

5. ஃபிளாஷைத் தொடாதே. ஜெர்மன் போட்டோகிராபர் கேண்டிடா ஹோஃபர் எத்தனையோ நூலகத்தையும் தியேட்டரையும் ஆளில்லாம எடுத்தாங்க, அங்கே இருந்த வெளிச்சத்துலயே. நீ போன் திரையில ஜன்னலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறை. நிழல் கறுத்தா கறுக்கட்டும்.

6. இதுதான் முக்கியம். காலின்னா கழுவி விட்ட மாதிரி இல்லை, அப்படி எடுத்தா பில்டர் நோட்டீஸ் ஆயிடும். வாட்ச்மேன் எழுந்து போன ஸ்டூல், மறந்து வெச்ச குடை, சாஞ்ச பலகை இதையெல்லாம் ஒதுக்கி வைக்காதே. போட்டோகிராபர் தயானிதா சிங் நம்ம நாட்டுக்காரங்க, 2022-ல ஹாசல்பிளாட் விருது வாங்கினவங்க. வெறும் நாற்காலிகளையே வரிசையா எடுத்திருக்காங்க. பார்த்தா இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கும். எனக்கு அந்தத் தூசு துடைக்காத நாற்காலிதான் பிடிக்கும்.

7. ஒரு ஹாலுக்கு மூணு படம் போதும். நூறு எடுத்தா ராத்திரி யார் உட்கார்ந்து பொறுக்கறது?

கிளம்பறதுக்கு முன்னாடி லென்ஸைத் துடைச்சியா?