வேடமும் பெண்மையும்

தாம்பரத்தை அடுத்த பம்மல் என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சம்பந்த முதலியார், 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர். ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகமொன்றை அவர் 'விரும்பிய விதமே' எனத் தமிழில் அமைத்தார். அதன் மூலக்கதையில் பெண்மையைப் பற்றிய ஆழ்ந்த வினாவொன்று அடங்கியுள்ளது.

தமையனின் நாட்டைக் கவர்ந்த பிரபு, அத்தமையன் மகள் ரோஸலிண்டைப் பத்து நாட்களுக்குள் நீங்காவிடின் கொல்வதாகக் கூறித் துரத்துகின்றான். அவன் மகள் ஸீலியாவோ அரண்மனையைத் துறந்து அவளுடன் காடு புகுகின்றாள். பெரியப்பன் மக்களை உடன்பிறந்தாரென்றே வழங்கும் நமக்கு இவ்விருவரும் சகோதரிகளே. வழியச்சம் நீங்க, உயரத்தில் மிக்க ரோஸலிண்ட் ஆணுடை புனைகின்றாள். அவ்வுடையில் காதலனுக்கே காதலின் இயல்பைப் போதிக்கின்றாள். அத்துணிவை உடை தந்ததோ? அன்று, முன்னரே இருந்த துணிவு வெளிப்பட உடை இடந்தந்தது. ஸீலியாவின் அன்போ எவ்வுடையிலும் மாறவில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஷேக்ஸ்பியர் காலத்தில் சிறுவரே பெண்வேடம் பூண்டனர். சுகுண விலாச சபையிலும் ரங்கவடிவேலு முதலிய ஆடவர் அவ்வேடம் பூண்டு புகழ்பெற்றனர். நடை, குரல், நாணம் ஆகியவற்றை ஆடவன் பயின்று காட்டக்கூடுமாயின், அவையே பெண்ணின் பிறவியியல்பு என வரையறுத்தல் பொருந்துமோ?

எனினும், பெண்மையைக் காட்டிய அம்மேடைகளில் பெண்ணுக்கு இடமில்லாதிருந்ததை நாம் மறத்தலாகாது. ஆணுடை ரோஸலிண்டுக்கு அளித்த உரிமையைப் பெண் தன் உடையிலேயே பெறுதல் வேண்டும்.