வெள்ளந் தாங்கும் நெல்விதையும் கிராமத்து இளைஞர் தொழிலும்

காவிரிப் பாசனத்தின் கடைமடையாகிய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை ஜில்லாக்களில் சம்பாப் பயிருக்கு நேரும் கஷ்டங்கள் இருவகைப்படும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழையால் இளம்பயிர் மூழ்கி அழுகுதல் ஒன்று. பருவமழை பொய்த்துப் பயிர் கருகுதல் மற்றொன்று. 2015-ஆம் வருஷத்தில் பெருமழையையும், அடுத்த 2016-இல் வடகிழக்குப் பருவமழை தவறியதையும் இராஜ்யம் அடுத்தடுத்துக் கண்டது. இவ்வாறு காலம் மாறுபடுவதைக் கண்டு, படித்த இளைஞர் பலர் கிராமத்தை விட்டு நீங்குகின்றனர். அவர்கள் ஊரிலேயே இருந்து, ஊருக்கும் தமக்கும் பயன் தரத்தக்க தொழில் ஒன்றை இங்கே விவரிப்போம். அது வெள்ளந் தாங்கும் நெல்விதை உற்பத்தியாகும்.

விதையின் குணம்

நீரில் மூழ்கிய சாதாரண நெற்பயிர், நீர்மட்டத்திற்கு மேல் எழும்பொருட்டு விரைந்து நீண்டு, தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் செலவழித்துவிடுகிறது. நீர் வடிந்தபின் சாய்ந்து மடிகிறது. ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த எப்.ஆர். 13ஏ என்னும் நெல்லிலோ, மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காக்கும் குணம் உண்டு. சப் 1 எனப்படும் அக்குணத்தைச் சேர்த்த ஸ்வர்ணா சப் 1 என்னும் ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியாயிற்று. நம் பகுதிக்கேற்ற சி.ஆர். 1009 சப் 1 சுமார் 155 நாள் வயதுடையது. இளம்பயிர்ப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினும் இவை மீண்டு துளிர்க்கும். எனினும் பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இக்குணம் காவாது. ஆதலால் வடிகால் வாய்க்காலைத் தூர் வாராமல் விதையை மட்டும் நம்புதல் கூடாது.

தொழில் செய்யும் விதம்

இளைஞர் முதலில் ஆதார விதையைப் பெற்று, விதைப்பண்ணையைப் பதிவு செய்தல் வேண்டும். பிற நெல் வயலுக்கும் பண்ணைக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் விலகல் இருத்தல் அவசியம். பூக்கும் தருணத்திலும் அறுவடைக்கு முன்னும் கலவன்களை வேரோடு களைய வேண்டும். சான்று பெறுதற்கு முளைப்புத்திறன் 80 சதவீதத்திற்குக் குறையாமலும், ஈரம் 13 சதவீதத்திற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். விற்பனைக்கு, 1983-ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் பெறவேண்டும்.

கணக்கு

ஓர் ஏக்கரில் தூற்றிச் சலித்தபின் 1,500 கிலோ விதை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நடவுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 12 கிலோ வீதம் அது 125 ஏக்கருக்குப் போதும். எனவே 250 ஏக்கர் நன்செயுள்ள கிராமத்திற்கு 2 ஏக்கர் விதைப்பண்ணையே போதுமானது. இதற்கு மிஞ்சிச் செய்வோர், வெளியூரில் வாங்குவோரை முன்னரே தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் விதையை அரிசி நெல்லின் விலைக்கு விற்று நஷ்டமடைவர். தையில் அறுத்த விதை ஆவணி வரை காக்கப்பட வேண்டுமாதலால், பணமும் அதுவரை முடங்கிக் கிடக்கும். வட்டிக்குக் கடன் வாங்கிய இளைஞருக்கு இந்த ஏழு மாதமே பெருஞ் சோதனையாகும்.

முழு முதலையும் ஒரே விதையில் இடாமல், குறுகிய வயதுடைய ரகத்தின் நாற்றையும் சிறிதளவு வளர்த்து வைப்பது நலம். வெள்ளத்தில் நாற்றிழந்தோர் அதனை வாங்குவர். ஆனால் நாற்று முதிர்ந்தால் பயனற்றுப்போகும். ஆதலால் முன்பணம் பெற்றே விதைக்க வேண்டும்.

நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும்

தரிசாக விட்டாலும் விடுவோமேயன்றி, குத்தகையை எழுத்தில் தர அஞ்சுவோர் நம்மிற் பலர். எழுத்தில்லாத குத்தகைதாரருக்குக் கடன் கிடைப்பது அரிது. பயிர் கெட்டால் நிவாரணமும் நிலத்துக்குடையவர் பெயருக்கே போகும். ஆகவே 2 ஏக்கரை, கால வரையறையும் குத்தகைத் தொகையும் குறித்த எழுத்து உடன்படிக்கையுடன் கொடுத்தல் இருதரத்தாருக்கும் க்ஷேமம். அடுத்த ஆவணிக்கு வேண்டும் விதைக்கு மாசியிலேயே சிறு முன்பணம் கொடுத்தால், அதுவே இளைஞருக்கு உற்ற மூலதனமாகும்.

கிராம நிர்வாக அலுவலர் பயிரையும் பயிரிடுவோர் பெயரையும் அடங்கலில் காலத்தே பதிதல் வேண்டும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமே. பதிவு தாமதித்து, காப்பீட்டின் கடைசித் தேதி கழிந்தால், ஒரே மழையில் ஓர் இளைஞரின் தொழில் முடிந்துபோகும்.

விதை மூழ்கியும் மீளும் குணமுடையது. அதை விளைவிப்பவரும் ஒரு கெட்ட வருஷத்தைத் தாண்டி மீளுமாறு செய்வது, நிலமும் அதிகாரமும் உடையோர் கையில் உள்ளது.